நாலு சக்கரத்துக்கு ஒரே கையெழுத்து

சக்கரங்கள் வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். வேனின் பின்கதவைத் திறந்ததுமே நாற்றம்தான் முதலில் இறங்கியது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருந்த மாக் மண்டின் தொழிற்பேட்டைக்கு நாற்றம் புதிதல்ல. ரப்பர் வேகும் வாடை, வார்ப்பு மணல் கருகும் வாடை, பக்கத்து மீன்தீவனக் கிடங்கின் வாடை என்று எல்லாவற்றுக்கும் பதினாறு வருடத்தில் அருந்ததியின் மூக்கு பழகியிருந்தது. இது வேறு. புளித்த சோறும் மூத்திரமும் எதுவோ அழுகிய கொழுப்பும் சேர்ந்து வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. சக்கரங்களைக் கட்டியிருந்த சாக்கின் அடியிலிருந்து பழுப்பாக ஏதோ சொட்டிச் சோதனைக்கூடத்தின் தரையில் ஓடியது.

"எங்கேயிருந்துப்பா இது?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

வேன்காரன் சிரித்தான். "பன்னிப் பண்ணையிலேருந்து மிஸ். தீனி வண்டிக்கு மாட்டி வெச்சிருந்தாங்க, இருவது வருசமா. கழுவிக் கொண்டாரவான்னு கேட்டேன், டாக்டர்தான் வேணாம்னுட்டார் லா. கழுவினா நம்பர் போயிருமாம்."

டாக்டர் என்றது அவளுடைய அத்தான் தியாகராஜாவை. அக்கா கமலாம்பிகையின் கணவர். மெக்கலிஸ்டர் ரோட்டில் இருபத்தைந்து வருடமாகப் பல் வைத்தியம் பார்ப்பவர். நாலு வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு பழைய பந்தயக் காரை வாங்கியிருந்தார். 1957இல் இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் பன்னிரண்டே பன்னிரண்டு செய்தார்களாம், அதில் ஒன்று. தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் அதைக் கப்பலில் பினாங்குக்குக் கொண்டுவந்து இரண்டு பந்தயம் ஓட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அது யார் யார் கைக்கோ போய், கடைசியில் ஒரு கிடங்கில் என்ஜினுக்குள் எலி குட்டிபோட்டுக் கிடந்ததை அத்தான் தேடிப் பிடித்தார். சுங்கை பினாங்கில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அலாவுதீன் அதைக் கழற்றி, தட்டி, பூட்டி மறுபடி உறும வைத்துவிட்டான். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: அது எந்தக் காலில் நிற்பது என்பது.

அத்தானுக்கு அதில் சந்தேகமே இல்லை. டிஸ்பென்சரியில் பல் பிடுங்கும் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு போட்டோ மாட்டியிருந்தார். 1958, எஸ்பிளனேட் கடற்கரை ஓரம், வெள்ளைக்கார மேனேஜர் காரில் கால் வைத்து நிற்கிறார். சக்கரங்கள் நாலும் மக்னீசிய வார்ப்பு, அலை அலையாக மடிந்த முகத்தோடு. அந்தப் போட்டோவில் இருப்பது போலவே கார் நிற்க வேண்டும். ஏப்ரலில் கோலாலம்பூர் பக்கம் பழைய கார் சங்கத்தின் பந்தயம் நடக்க இருந்தது. காரின் வயதுக்கு ஒத்த சக்கரமும் டயரும் போட்டால்தான் ஓட அனுமதி என்பது சங்கத்தின் விதி.

டயர் விஷயத்தில் ஏற்கெனவே ஒரு கூத்து நடந்து முடிந்திருந்தது. பீச் ஸ்ட்ரீட் கிடங்கு ஒன்றில் பிரிக்காத காகிதத்தோடு அந்தக் காலத்துப் பந்தய டயர் நாலு கிடைத்தது என்று அத்தான் துள்ளிக் குதித்தார். முப்பது வருடம் காய்ந்த ரப்பர். பக்கச்சுவர் முழுவதும் வெயிலில் வெடித்த களிமண் போல இருந்தது. அத்தான் சப்பாத்துப் பாலிஷ் டப்பாவைத் திறந்து, துணியால் அந்த வெடிப்புகளை நிரப்பிக் கறுப்பாக்கிக் கொண்டு போனாராம். அலாவுதீன் விரலால் ஒரு தடவு தடவி, மை ஒட்டிய விரலை அவர் முகத்துக்கு நேரே காட்டியிருக்கிறான். பிறகுதான் இங்கிலாந்தில் அதே பழைய அச்சில் இன்றைக்கும் ஊற்றும் ஒல்லி டயர்களை வரவழைக்கச் சம்மதித்தார். போட்டோவில் அந்த வித்தியாசம் தெரியாது என்பதுதான் காரணம்.

சக்கரத்துக்கும் அலாவுதீன் ஒரு வழி சொல்லியிருந்தான். அதே வருடத்துக் கார்களில் ஓடிய கம்பிச் சக்கரம் ஐந்து அவனிடம் இருந்தது. இரும்பு, கம்பிகள் இறுக்கமாக, ஒன்றும் பழுதில்லை. சங்கத்தின் விதிக்கும் அது சரிதான். "கம்பிச் சக்கரம் கலியாணக் காருக்குப் போடுறது" என்று அத்தான் ஒதுக்கிவிட்டார். அப்போதுதான் பன்றிப் பண்ணைத் தகவல் வந்து சேர்ந்தது. அச்சில் வார்த்த எண் நாலிலும் இருந்தது. அதே சக்கரங்கள்.

அருந்ததி இதற்குள் இழுக்கப்பட்டது தைப்பூசத்தன்று. தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில், தண்ணீர்ப் பந்தல் நெரிசலில், அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "உன்ர வேலையே அதுதானே பிள்ளை. வெடிப்பு இருக்கோ இல்லையோ எண்டு பார்த்து ஒரு பேப்பர் எழுதிக் குடு. இல்லாட்டி சங்கத்துக்காரர் விடமாட்டினமாம். இந்த மனுஷன் ராத்திரி நித்திரை கொள்ளுறதில்ல."

வார்ப்புகளில் வெடிப்புத் தேடுவது உண்மையில் அவள் வேலைதான். துறைமுகத்துக் கிரேன் கொக்கி, ஆலைப் பம்பு, படகு விசிறி என்று மாதம் நூறு இரும்பாவது அவள் மேசைக்கு வரும். மேலதிகாரியிடம் கேட்டாள். வேலை நேரம் முடிந்தபின் செய்துகொள் என்றார்.

நாலு சக்கரத்தையும் கழுவ இரண்டு மாலை பிடித்தது. சோடாக்காரம் கரைத்த தொட்டியில் போட்டு, ரப்பர் கையுறையோடு தேய்த்தாள். காரம் மக்னீசியத்தை ஒன்றும் செய்யாது. அதன் மேல் ஏறியிருந்ததைத்தான் தின்றது. மடிப்புகளில் இருபது வருடத்துத் தீனி கல்லாக இறுகியிருந்தது. சீவுளி வைத்து நெம்பினால் தகடு தகடாக வந்தது, உள்ளே இன்னும் ஈரமாக. ஒரு மடிப்புக்குள் வெளுத்த புழுக்கூடுகள். இரண்டாம் நாள் வீட்டுக்குப் போகும் ஃபெர்ரியில் பக்கத்தில் உட்கார வந்த பெண் ஒருத்தி, மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு பெஞ்சுக்கு எழுந்து போனாள். அன்றிரவு அருந்ததிக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சோதனை. செய்முறை பெரிய விஷயமில்லை. உலர்ந்த உலோகத்தில் சிவப்புச் சாயம் அடித்து இருபது நிமிடம் விடவேண்டும். வெடிப்பு இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிக்கொள்ளும். மேலே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தெளித்தால், உள்ளே பதுங்கியிருக்கும் சாயம் வெளியே கசியும். அவ்வளவுதான். பொய் சொல்லத் தெரியாத சோதனை அது.

முதல் சக்கரத்தில் போல்ட்டுத் துளையிலிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பி, வெள்ளையில் ஊர்ந்து, விளிம்பு வரை போய் நின்றது. மூன்றாவதில் இரண்டு கோடு. நாலாவதில் துளையைச் சுற்றி வட்டமாகவே. அதன் பின்புறம் பன்றி மூத்திரம் அரித்த இடம் கடற்பஞ்சு மாதிரிப் பொத்தல் பொத்தலாக இருந்தது. நகத்தால் கீறினால் உலோகம் உதிர்ந்தது. இரண்டாவது சக்கரம் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. அருந்ததி நாலுக்கும் தனித்தனித் தாளில் எழுதினாள். மூன்று தாளில் 'பயன்படுத்தக் கூடாது'. ஒன்றில் 'வெடிப்பு காணப்படவில்லை'. இரண்டாம் தாளில் கையெழுத்துப் போடும்போது பேனா மக்கர் செய்து பெயரின் கடைசியில் ஒரு மைத்துளியை உதிர்த்தது. ஒற்றி எடுத்தாள்.

தாள்களை அவளே டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தான் ஒவ்வொன்றாக வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் உதடு சுருங்கியது.

"முடியளவு கோடு பிள்ளை. நான் தினமும் வெடிச்ச பல்லப் பார்க்கிறனான். வெடிச்ச பல்லோட எத்தினை பேர் முப்பது வருஷம் சாப்பிடினம்?"

"பல்லு உடைஞ்சா ஒருத்தருக்கு வலி, அத்தான். இது நூறு மைல் வேகத்தில உடையும்."

"நான்தானே ஓட்டப்போறன்? எனக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சு ஓட்டினாலும் உடையும்."

அவர் சிரித்தார். சரி, சரி என்று தாள்களை மேசை இழுப்பறையில் போட்டார். "நீ கவலைப்படாத. இங்கிலாந்தில அதே மாதிரிப் புதுசா ஊத்திக் குடுக்கிறாங்களாம். எழுதிப் பார்க்கிறன்." அருந்ததி நிம்மதியாக வீடு திரும்பினாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் அதைப் பற்றி நினைக்கவில்லை. பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அக்கா கூப்பிட்டாள். போனால் கூடத்தில் ஒரு விருந்தாளி உட்கார்ந்திருந்தார். சங்கத்தில் கார்களையும் தாள்களையும் பரிசோதித்து அனுமதி கொடுப்பவர், பெயர் கமாலுதீன். நல்ல மனிதர் என்று பார்த்தாலே தெரியும்; மடித்த கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பேசினார்.

"ஓ, நீங்கதானா அது? இவ்ளோ முறையா யாருமே பேப்பர் குடுக்க மாட்டாங்க. நாலு வீலும் பாஸ்! அந்தக் காலத்து மக்னீசியம் நாலும் நல்லா இருக்கிறது ரொம்ப அபூர்வம், தெரியுங்களா?"

"நாலுமா?"

கமாலுதீன் மடியிலிருந்த ஃபைலை அவள் பக்கம் திருப்பினார். நாலு தாள். நாலிலும் 'வெடிப்பு காணப்படவில்லை'. சக்கர எண் இருந்த கட்டத்தில் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மாறி மாறி இருந்தது. மற்றதெல்லாம் அச்சு அசல் ஒன்று. முத்திரை நாலிலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. நாலிலும் அவள் பெயரின் கடைசியில் அதே மைத்துளி.

அருந்ததி தாள்களிலிருந்து கண்ணை எடுத்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா சம்பல் கிண்ணத்தை ஒரு அங்குலம் இந்தப் பக்கம் நகர்த்தினாள், பிறகு அந்தப் பக்கம் நகர்த்தினாள், நிமிரவில்லை. அத்தான் எழுந்து வந்து அருந்ததியின் தோளில் கை வைத்தார். பல் வைத்தியரின் சுத்தமான, சோப்பு மணக்கும் கை.

"எங்கட பிள்ளை. வீட்டுக்குள்ளயே எக்ஸ்பர்ட் இருக்கு, வெளியில ஏன் தேட வேணும்?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே, அந்த மனிதர் முகத்தைப் பார்த்து, இது என் எழுத்தில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது, எச்சில்தான் ஊறியது. அக்கா வீட்டு விருந்தாளி, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை, தோளில் அந்தக் கை. "வாறன்" என்று முணுமுணுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, சாப்பிட நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்ட கமாலுதீனின் கார் வாசலில் கிளம்பிக்கொண்டிருந்தது. தன்னை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அத்தான், அது என்ர கையெழுத்து."

"ஓம், உன்ர கையெழுத்துத்தானே. நான் போடேல்ல." அவர் தன் பிரதிகள் இருந்த ஃபைலைப் பக்குவமாக மூடினார். "நீ போட்டதுதான். ஒண்டுக்கு நாலாக் கொப்பி எடுத்தது மட்டும்தான் நான். அந்தச் சக்கரத்தில பெயின்ட் அடிச்சா அவ்வளவு வடிவு, தெரியுமோ? போட்டோவில இருக்கிற மாதிரியே. நாளைக்கு ஓட்டிப் பார்க்கிறம். பட்டர்வொர்த்துக்கு வடக்கால தோட்டத்துக்குள்ள பழைய விமானத் தடம் ஒண்டு இருக்கு."

"நாளைக்கு யார் ஓட்டுறது?"

ஒரு கணம் தாமதித்தார். ஒரு கணம்தான்.

"அலாவுதீன். எனக்கு இந்த முதுகு கொஞ்சம் சரியில்ல."

நாலு வருடமாக அந்த ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட விடாத மனிதர். அருந்ததி அவர் முதுகைப் பார்த்தாள். நேராக, நல்ல ஆரோக்கியமாக நிமிர்ந்திருந்தது. மூன்று தாளையும் அவர் வாசித்திருந்தார். நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார். அதனால்தான் முதுகு வலித்தது.

அக்கா சாப்பிட உட்காரச் சொன்னாள். அருந்ததி பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நேரே படகுத்துறைக்குப் போய் ஃபெர்ரி பிடித்து, சோதனைக்கூடத்துக்குப் போனாள். அரை நாள் வேலை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். காவலாளியிடம் சாவி வாங்கி, சிவப்பு டப்பா, வெள்ளை டப்பா, துடைக்கும் திரவம், இழுப்பறையிலிருந்த தன் நாலு தாள்களின் கரிப்பிரதி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மறுபடி கடல் கடந்தாள். சுங்கை பினாங்கில் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை.

கார் நடுவில் நின்றது. அழகாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் குமட்டியது. பச்சைத் தகரம் பளபளக்க, வெள்ளி பெயின்ட் அடித்த சக்கரத்தில் புது ஒல்லி டயர் மாட்டித் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. அலாவுதீன் அதற்குக் கீழே படுத்துக்கிடந்தான். முப்பத்தைந்து வயது, முன்கை முழுக்கப் பழைய சுட்ட தழும்பு. அவளைப் பார்த்ததும் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"வாங்கக்கா. நாளைக்கு வர்றீங்களா? டாக்டர் சொல்லலியே."

"அலாவுதீன், இந்தச் சக்கரத்துல நீங்க ஓட்டக் கூடாது. மூணு வெடிச்சிருக்கு."

அவன் முகம் மெதுவாக மாறியது. எழுந்து, கையைத் துணியில் துடைத்து, மேசையிலிருந்து நாலு தாளை எடுத்து வந்தான். அவனுக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தார்கள்.

"என்னக்கா வெளையாடுறீங்க? நீங்கதானே சைன் போட்டீங்க? பன்னிப் பண்ணை வீலு, நான் மாட்ட மாட்டேன்னுதான் சொன்னேன். தொடவே முடியாது, அந்தக் கருமத்த. அப்புறம் டாக்டர் இதக் காட்டினாரு. படிச்சவங்க போட்ட சைன்னுதான் ஒத்துக்கிட்டேன்."

"அது நான் எழுதினது இல்ல. ஒரு தாள நாலாக்கியிருக்காரு."

"நீங்க சொந்தக்காரங்க" என்றான் அலாவுதீன். சத்தம் போடவில்லை. "ஒங்களுக்குள்ள என்ன சண்டையோ எனக்குத் தெரியாது. நேத்து பாஸ், இன்னிக்கு ஃபெயிலு. எது நெசம்னு நான் எப்படிக் கண்டேன்?"

அவன் பார்த்த பார்வையில் அத்தானுக்கும் அவளுக்கும் வித்தியாசம் இல்லை. அருந்ததிக்குக் காது மடல் சுட்டது. வாதாட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"முன்பக்கம் இடது சக்கரத்தக் கழட்டுங்க. நானே உங்க கண் முன்னால பார்க்கிறேன். இருபத்தஞ்சு நிமிஷம்தான்."

கழற்றினான். டயரையும் டியூபையும் நெம்பி எடுத்தான். அவள் தின்னர் நனைத்த துணியால் வெள்ளி பெயின்டைத் துடைத்தாள். அதற்குக் கீழே வெடிப்பின் மேல் பல் அடைக்கும் வெள்ளைப் பசையைத் தடவி மட்டமாகத் தேய்த்திருந்தது. பெயின்ட் போனதும் அது மெல்லிய வரியாகத் தெரிந்தது. அலாவுதீன் குனிந்து பார்த்தான். அவள் சீவுளி நுனியால் அதைச் சுரண்டிக் காட்டினாள். பிறகு சாயம் அடித்தாள்.

இருபது நிமிடம் காத்திருந்தார்கள். உள்ளே வீட்டுப் பக்கமிருந்து அவன் மனைவி சித்தி ஹாஜரா இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தவள், ஏதோ சரியில்லை என்று புரிந்து அங்கேயே நின்றுவிட்டாள். அருந்ததி துடைத்தாள். வெள்ளைப் பொடி தெளித்தாள். கோடு வந்தது. முதலில் ரோஜா நிறத்தில் புகை மாதிரி, பிறகு அடர்ந்து, துளையிலிருந்து விளிம்பு வரை, விரலால் இழுத்த மாதிரி.

அலாவுதீன் குந்தி உட்கார்ந்தான். கோட்டின் மேல் விரலை ஓட்டப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

"இதுலயா நாளைக்கு நான்..." என்று ஆரம்பித்தவன் எழுந்துபோய்ச் சாக்கடையில் காறித் துப்பினான்.

"நீ போக வேணாம்" என்றாள் சித்தி ஹாஜரா. "எவன் வந்து கூப்பிட்டாலும் நீ போக வேணாம்."

அந்த நேரம் பார்த்து அத்தானின் கார் வாசலில் வந்து நின்றது. அருந்ததி எங்கே போயிருப்பாள் என்று அவர் ஊகித்திருக்க வேண்டும். உள்ளே வந்தவரின் கண் முதலில் போனது, பெயின்ட் அழிந்து கிடந்த சக்கரத்தின் மேல்.

"ஐயோ! என்ன செய்து வச்சிருக்கிறாய்?"

"டாக்டர்" என்றான் அலாவுதீன். "இத மாட்டித் தர்றேன். அஞ்சு நிமிசம். நாளைக்கு நீங்க ஒக்காந்து ஓட்டுங்க."

"எனக்கு முதுகு..."

"ஒரு ரவுண்டு போதும் டாக்டர். மெதுவா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

 அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "நீங்கள் எல்லாரும் சும்மா பயப்படுறீங்கள்" என்றார் கடைசியில். "அந்தக் காலத்தில இதிலதான் ஓடினவங்கள்."

அலாவுதீன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனான். அங்கே பேரிங் கழற்ற வைத்திருந்த, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரஸ் இருந்தது. சக்கரத்தின் விளிம்பை இரண்டு கட்டையில் தாங்க வைத்து, நடுவில் இரும்பு உருளையை இறக்கினான். அத்தான் "டேய், டேய்" என்று ஓடினார். அலாவுதீன் பிடியை இரண்டு தடவை அழுத்தினான். மூன்றாவது தடவை அழுத்தத் தேவைப்படவில்லை. பிஸ்கட் உடைவது போல ஒரு சத்தம். சக்கரம் இரண்டாகத் தரையில் விழுந்தது. உடைந்த முகத்தில் புதிதாகப் பிளந்த இடம் விரலகலம்தான் வெள்ளையாகப் பளிச்சிட்டது. மீதி முழுவதும் கறுத்திருந்தது. எத்தனையோ வருடமாக உள்ளே அது வெடித்தே கிடந்திருக்கிறது. அந்தக் கறுப்பிலிருந்தும் மெலிதாகப் பன்றிப் பண்ணை வாடை வந்தது.

அத்தான் தரையில் மண்டியிட்டார். ஒரு துண்டைத் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தார். அருந்ததி அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அலாவுதீனிடம் ஒரு வார்த்தை. அவன் மனைவி பக்கம் ஒரு பார்வையாவது.

"நல்லகாலம்" என்றார் அத்தான். "நம்பர் உடையேல்ல."

அருந்ததிக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. அலாவுதீனின் மேசையில் தன் கரிப்பிரதிகளை வைத்துவிட்டு, தேநீரைக் குடிக்காமலேயே கிளம்பினாள்.

அன்றைக்கே சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். எந்தத் தாள் தன்னுடையது, எவை அல்ல, யார் மாற்றியது, எல்லாம் பெயர் போட்டு. திங்கட்கிழமை காலை தபாலில் சேர்த்தாள். பத்து நாள் கழித்துக் கமாலுதீன் கையெழுத்தில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். பாதுகாப்பை முன்னிட்டு அந்தச் சக்கரங்களை டாக்டரே முன்வந்து விலக்கிக்கொண்டார் என்றும், தாள்கள் விஷயம் குடும்பத்துக்குள் நேர்ந்த ஒரு குழப்பம் என்று கமிட்டி கருதுவதாகவும், அவளுடைய அக்கறைக்கு நன்றி என்றும் இருந்தது.

கார் பந்தயத்துக்குப் போயிருந்தது. சக்கரம் உடைந்த மறுநாளே அத்தான் ஒரு லாரி அனுப்பி, காரோடு அலாவுதீனின் கம்பிச் சக்கரம் ஐந்தையும் ஏற்றிக்கொண்டு போனார். வேறொரு மெக்கானிக் பூட்ட, வேறொரு ஆள் ஓட்ட, எட்டாவதாக வந்தது. ஆனால் காலத்துக்குப் பொருத்தமாக மிகச் சிறப்பாகத் தயார் செய்யப்பட்ட கார் என்று அதற்கு ஒரு வெள்ளிக் கோப்பை கிடைத்தது. பேப்பரில் படம் வந்தது. அத்தான் ஒரு காலைக் காரில் வைத்து நின்றார். 'அழகை விட உயிர்தான் பெரிது. அதனால்தான் எல்லாரும் சொல்லியும் நான் மக்னீசியத்தை மறுத்துக் கம்பிச் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தேன். என் மைத்துனியே இந்தத் துறையில் நிபுணர்' என்று சொல்லியிருந்தார். அருந்ததி அதை ஃபெர்ரியில் வாசித்தாள். பேப்பரைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். கை மட்டும் இறங்கிய பிறகும் பிசுபிசுத்தது போல இருந்தது.

அலாவுதீனைப் பார்க்க ஒரு தடவை போனாள். ஒரு டாக்ஸியின் கியர்பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தான். "உக்காருங்கக்கா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அத்தானைப் பற்றி இருவரும் பேசவில்லை. பழைய பந்தயக் கார் வேலை இனிமேல் எடுப்பதில்லை என்று மட்டும் சொன்னான். அவள் கிளம்பும்போது, "அன்னிக்கு ஒங்களயும் சேத்து நெனச்சிட்டேன்" என்றான். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அக்கா போன் செய்தது அந்த மாதக் கடைசியில். கோப்பைக்காக வீட்டில் ஒரு விருந்து வைக்கிறார்களாம். ஐம்பது பேர்.

"நீ வராட்டிச் சனம் கேக்கும் பிள்ளை. அத்தான் ஒண்டும் மனசில வைக்கேல்ல. எல்லாம் மறந்திட்டார்."

"அவர் மறப்பார்."

"பின்னே என்ன?"

"நான் வரமாட்டன் அக்கா. அவரைப் பார்த்தாலே அருவருக்குது. அந்தக் கையைப் பார்த்தா எனக்குச் சாப்பாடு இறங்காது."

கோபப்படுவாள் என்று நினைத்தாள். குரல் உயரும், அழுகை வரும், உனக்கு யார் இருக்கிறோம் என்ற பாட்டு வரும் என்று நினைத்தாள். மறுமுனையில் மின்விசிறி சுற்றும் சத்தம்தான் கேட்டது. தூரத்தில் அத்தான் யாரிடமோ உரக்கச் சிரித்தார்.

"நீ உன்ர வீட்டில இருந்து சொல்லிப்போட்டாய்" என்றாள் கமலாம்பிகை, மிகத் தணிந்த குரலில். "எனக்கு மட்டும் இறங்குது எண்டு நினைச்சியோ?"

அதோடு போன் வைக்கப்பட்டுவிட்டது.

விருந்துக்கு அவள் போகவில்லை. மறுநாள் காலை சோதனைக்கூடத்திலிருந்து அக்காவுக்குப் போன் செய்தாள். அத்தான் டிஸ்பென்சரிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, அக்காவோடு மட்டும் பேச.